போட்டதாகப் பதிவான ஊசி

புதன்கிழமை மதிய டூட்டிக்கு வந்து வார்டு ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அந்தக் குப்பி உள்ளே இருந்தது. மேலே பிளாஸ்திரி ஒட்டி, நீலப் பேனாவில் ‘தேவதர்ஷினி, பெட் 9’ என்று எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டிலில் வேறொருத்தி படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தேவதர்ஷினி காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகித் தொட்டியத்துக்குப் போய்விட்டாள்.

பதிவு போடும் டேப்பை எடுத்துப் பார்த்தேன். பேப்பரெல்லாம் போய், இப்போது எங்களுக்கு எல்லாமே அந்தக் கையகலக் கண்ணாடிதான். அவள் பெயருக்கு நேரே பச்சைக் கட்டம். ஊசி போடப்பட்டது, செவ்வாய்க்கிழமை. போட்டவர் யமுனா, ஸ்டாஃப் நர்ஸ்.

யமுனா நான்தான். செவ்வாய்க்கிழமை நான் அந்த வார்டிலேயே இல்லை.

அது சாதாரண ஊசி இல்லை. தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால், பிரசவமான மூன்று நாளுக்குள் தாய்க்கு அதைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது. தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருப்பார்கள். அடுத்து வயிற்றில் வரும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதன் ரத்தத்தைத் தாயின் உடம்பே அழிக்கத் தொடங்கிவிடும். தேவதர்ஷினிக்கு இது தலைப்பிரசவம். திங்கள் மதியம் பெற்றாள். வியாழன் மதியத்தோடு கெடு முடிகிறது.

செவ்வாய்க்கிழமை நானும் இன்னொரு நர்ஸ் ஆரிஃபாவும் வார்டு மாற்றிக்கொண்டோம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்கப்போகிறார்கள். அதற்காகக் கொஞ்ச நாளாக எங்களைச் சீர்திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். குப்பைக்கூடை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. நோயாளி என்று சொல்லக் கூடாது, பயனாளி என்று சொல்ல வேண்டும். சுவரில் சிரிக்கிற நர்ஸ் படம் ஒட்டினார்கள். அந்த நர்ஸ் வெள்ளைக்காரி. எல்லாம் வந்தது, வேலை செய்ய நர்ஸ் மட்டும் வரவில்லை. ரிட்டயரானவர்கள் இடமெல்லாம் காலியாகவே கிடக்கிறது. என்னைப் போல ஒப்பந்தத்தில் வந்தவர்களை வைத்து ஓட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் இன்சார்ஜ் ஜெகதாம்பாள் சிஸ்டர் ஆள் முகத்தைப் பார்த்து டூட்டி போடுவார். இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யார் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிவிக்க அதில் இடமும் இல்லை. ஆரிஃபாவுக்கு ஏழு மாதம். போன தடவை அவசர சிகிச்சையில் நின்று நின்றே கலைந்துபோனது. செவ்வாய்க்கிழமை அவளை மறுபடி அங்கேதான் போட்டிருந்தது.

டூட்டி மாற்றிக்கொள்வது நர்ஸ்கள் எப்போதும் செய்வதுதான். ரம்ஜானுக்கு நான் அவளுக்கு, பொங்கலுக்கு அவள் எனக்கு. புதிய ஏற்பாட்டில் அது குற்றம். அதனால் சொல்லாமல் செய்தோம். அவள் பாஸ்வேர்டோடு நான் அவசர சிகிச்சைக்குப் போனேன். என் பாஸ்வேர்டோடு அவள் பிரசவித்தவர்கள் வார்டில் இருந்தாள். அவள் செய்ததெல்லாம் என் பெயரில் பதிவானது, நான் செய்ததெல்லாம் அவள் பெயரில்.

குப்பியை வைத்துவிட்டு, உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். ஆரிஃபா காலை டூட்டி முடித்து, பர்தாவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒம்பதாம் பெட்டுக்கு நேத்து ஊசி போட்டியா?”

“போட்டேனே.”

“எங்க போட்ட?”

அவள் கை அப்படியே நின்றது. “இரு. செவப்பாகப்போவுதுன்னு பட்டன அமுக்கிட்டேன். அமுக்கிட்டு மருந்து எடுக்கக் கெளம்புனேன். அப்ப மூணாம் பெட்டுப் பொண்ணுக்கு ரத்தமாப் போக ஆரம்பிச்சிடுச்சு. அவளத் தள்ளிக்கிட்டுத் தியேட்டருக்கு...” பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “யா அல்லாஹ். போடலடி.”

நான் அவளைத் திட்டியிருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அமுக்குகிறோம். மருந்து நேரம் கொஞ்சம் தள்ளினால் கட்டம் சிவப்பாகும். சிவப்பானால் குவாலிட்டி மேனேஜர் ராஜ்மோகன் அறையில் இருக்கிற பெரிய திரையில் தெரியும். உடனே வார்டுக்குப் போன் வரும். அத்தனை கட்டிலுக்கும் ஒருத்தியாக நிற்கும்போது, போன் எடுத்துப் பதில் சொல்கிற நேரத்தில் ரெண்டு பேருக்கு ஊசி போட்டுவிடலாம். அதனால் முதலில் பட்டனை அமுக்கிவிடுவது, பிறகு ஓடி ஓடிப் போட்டு முடிப்பது. ஒரு வார்டு பாக்கியில்லாமல் இதுதான் வழக்கம். அவளுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கும்.

“நீ போ. நான் பாத்துக்கிறேன்” என்றேன். “அவ வந்தா போட்டுடலாம். மருந்து இருக்கு.”

“என் பிரசவ லீவு கையெழுத்தாகி வந்துடுச்சுடி. இந்த நேரத்துல ஏதாவது...”

“தெரியும். போ.”

தொட்டியத்துக்குப் போன் செய்தேன். வேறொரு குரல் எடுத்தது.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேம்மா. தேவதர்ஷினி இருக்காங்களா?”

“அவ தூங்குறா. நான் மாமியா, அழகம்மா. என்ன சேதி?”

“நாளைக்குக் காலையில அவங்கள ஒருதடவ கூட்டிக்கிட்டு வாங்கம்மா. ஒரு ஊசி இருக்கு.”

“எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு செல்லுல வந்திருக்கே. எம்பையன் படிச்சுக் காட்டுனான்.”

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. பச்சை விழுந்தால் பயனாளிக்குச் செய்தி தானாகப் போய்விடும். “இது வேற ஊசிம்மா” என்றேன்.

“காலையிலதான் கட்டில் வேணும், கெளம்பு கெளம்புன்னு வெரட்டுனீங்க. இப்ப வா வான்னு கூப்புடுறீங்க. பச்ச ஒடம்புக்காரிய பஸ்ஸுல போட்டு உருட்டவா?”

“ஆட்டோ வச்சுக்கிட்டு வாங்கம்மா.”

“ஆட்டோவுக்கு நீ குடுப்பியா?”

“குடுக்கிறேன். மதியத்துக்குள்ள வந்துடணும்.”

“என்னமோ இருக்கு” என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, “வர்றோம்” என்று வைத்துவிட்டார்.

குப்பியைத் தடுப்பூசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். டூட்டி முடிந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். அங்கே ஒரு மாடியறை. வீட்டுக்காரம்மா முட்டைகூடச் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். சமைக்கத் தெம்பிருந்தால்தானே முட்டையைப் பற்றிக் கவலைப்பட. அப்பா போன் செய்தார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வம்சத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். “பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சாம்மா?” என்று வழக்கம்போலக் கேட்டார். சீனியாரிட்டியில் என் பெயர் மேலே வந்துகொண்டிருந்தது உண்மைதான். “வரும்ப்பா” என்றேன்.

வியாழக்கிழமை காலை, அதிசயமாக எனக்கும் ஆரிஃபாவுக்கும் ஒரே வார்டு விழுந்திருந்தது. நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தடுப்பூசிப் பெட்டிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

“மருந்தகத்துலேர்ந்து வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க” என்றார் ஜெகதாம்பாள் சிஸ்டர். “டிஸ்சார்ஜ் ஆனவங்க மருந்து வார்டுல இருக்கக் கூடாதாம். புது ரூல். சான்றிதழ் டீம் வரப்போவுதுல்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா சிஸ்டர்?”

“என்னயே கேக்கல. உன்ன எங்க கேக்குறது?”

புதிதாக மருந்து கேட்டு டேப்பில் போட்டேன். ‘ஏற்கெனவே போடப்பட்டது’ என்று வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதுவே வந்தது. டேப் ஒத்துக்கொள்ளாமல் அள்ளிப்போன குப்பியைக்கூடத் தர முடியாது என்றார்கள் மருந்தகத்தில். ஆரிஃபா தெரிந்த மருந்துக்கடைகளுக்கெல்லாம் போன் செய்தாள். ஆர்டர் போட்டால் சாயங்காலம் வரும் என்றார்கள். சாயங்காலம் வந்து என்ன செய்ய.

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. தேவதர்ஷினி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பின்னால் அழகம்மாள், துணியில் சுற்றிய குழந்தையோடு. அவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ராஜ்மோகன் அறைக்குப் போனேன். ஆரிஃபாவும் என்னோடு வாசல்வரை வந்தாள். வாசலில் நின்றுவிட்டாள்.

ராஜ்மோகனுக்கு என் வயதுதான் இருக்கும். மேனேஜ்மென்ட் படித்தவர். அவரும் ஒப்பந்தம்தான், நாலு ஆஸ்பத்திரிக்குச் சேர்த்து ஒரே ஆள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“உங்க ஐடிதான். நீங்கதானே எண்ட்ரி போட்டது?”

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அன்றைக்கு நான் அவசர சிகிச்சையில் நின்றதைப் பார்த்தவர்கள் நிறைய. சொன்னால் ஆரிஃபா வேலை போகும், லீவும் போகும். கதவுக்கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். அவளே உள்ளே வருவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார்” என்றேன்.

“போடாத ஊசிய எப்படிம்மா போட்டதா அமுக்குவீங்க?”

“நீங்கதானே டிரெயினிங்ல சொன்னீங்க, மொதல்ல எண்ட்ரி, அப்புறம் வேலைன்னு.”

“டைமுக்கு எண்ட்ரி போடுங்கன்னு சொன்னேன். பொய்யா போடுங்கன்னா சொன்னேன்?”

“செவப்பு விழுந்தா போன் போட்டுக் கத்துனது யாரு சார்? ஒருத்தி எத்தன பெட்ட பாக்குறான்னு அந்தத் திரையில தெரியுமா?”

“எனக்கும் மேலேர்ந்து போன் வருதும்மா.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சண்டை போடவும் அவரிடம் தெம்பில்லை. “சரி, மருந்து நான் வாங்கித் தரேன். ஸ்பெஷலா எழுதித் தரச் சொல்றேன். ஆனா பயனாளிகிட்ட பூஸ்டர் ஊசின்னு சொல்லிடுங்க. சிஸ்டத்துல போட்டதா இருக்கு, இப்ப நெசமாவே போட்டாச்சுன்னா ரெண்டும் சரியாப் போயிடும். அடுத்த வாரம் டீம் வருது. உங்க பேரும் சீனியாரிட்டில மேல இருக்குன்னு கேள்விப்பட்டேன். நீங்க பேசாம இருந்தீங்கன்னா இது இந்த ரூமோட போயிடும்.”

தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டினேன். ஊசி போட்டால் போதும், எனக்கு வேலையும் இருக்கும், ஆரிஃபாவுக்கும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் மருந்தோடு வார்டுக்கு வந்து, தேவதர்ஷினியைக் குழந்தையோடு ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

“பூஸ்டர் ஊசிம்மா. ஒரு நிமிஷம் திரும்பிப் படுங்க.”

“அப்படின்னா என்ன?” என்றார் அழகம்மாள்.

“மொதல்ல போட்டதுக்கு மேல, பலத்துக்கு.”

“பலத்துக்குத்தான் பூண்டுக்குழம்பு வச்சுக் குடுக்குறேனே. ஒருதடவ போட்ட ஊசிய எதுக்கு மறுபடி போடணும்? பக்கத்துப் பெட்டுக்காரிக்கும் இதே ரத்தம்தான். அவளக் கூப்புட்டியா? இல்லல்ல. எம்மருமகளத்தான் சோதனைக்குப் புடிச்சிருக்கீங்களா?”

“சோதனையெல்லாம் இல்லம்மா.”

“அப்ப டாக்டரக் கூப்புடு. டாக்டர் சொல்லட்டும். இல்லாட்டி ஆட்டோ நிக்குது, நாங்க போறோம்.”

டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வார்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அழகம்மாள் நிஜமாகவே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆரிஃபா அடுத்த கட்டிலருகில் ஒரு குழந்தையின் ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

தேவதர்ஷினி அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டாள். “சிஸ்டர், மொதல்ல போட்டத எதுல போட்டீங்க? கையிலயா, இடுப்புலயா? எனக்கு ஞாபகமே இல்ல. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

“நெசமாச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் போட்டுக்குறேன்.”

இதற்கும் பூஸ்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கிழவி விட்டிருக்காது.

“போடலம்மா” என்றேன். “போட்டதா டேப்புல அமுக்கிட்டோம். ஊசி போடல. இப்ப போடலன்னா அடுத்த கொழந்தைக்கு ஆபத்து. மதியத்துக்குள்ள போடணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்.”

கட்டிலில் இருந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள், எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

“அமுக்கிட்டோம்னா? எவ அமுக்குனவ?” என்றார் அழகம்மாள்.

“எம்பேருலதான் இருக்கு.”

“நல்லா இருக்குடி. என் வூட்டு வாரிசு உனக்குப் பட்டனா? சம்பளம் வாங்கலியா நீ? அரசாங்கம் உன்ன சும்மாவா வச்சிருக்கு? நேத்து வேற ஊசின்ன, இன்னிக்கு பூஸ்டருன்ன. நான் மட்டும் கேக்காம இருந்தா...” அவர் பேசப் பேச, ஒரு வார்த்தையும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. யாரிடம் போய்ப் பேச வேண்டுமோ, அங்கே போகாமல் என்னிடம் வந்து விழுகிறதே என்றுதான் எரிச்சல்.

“அத்த, கொழந்தையப் புடிங்க” என்று தேவதர்ஷினி திரும்பிப் படுத்தாள். “போடுங்க சிஸ்டர்.”

போட்டேன். கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது. பஞ்சை வைத்துத் தேய்த்துவிடும்போது, அவள் முகத்தைத் தலையணையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“வேற யாருக்கும் இப்படி விட்டுப் போயிருக்குமா?”

“தெரியலம்மா.”

அதுதான் உண்மை. தெரியவில்லை. தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. டேப்பில் எல்லாமே பச்சை.

அழகம்மாள் குழந்தையோடு நேராக ராஜ்மோகன் அறைக்குப் போனார். செல்லில் வந்த செய்தியை அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு, பதில் கிடைக்காமல் நகர மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். கேட்கக் கூட்டம் கூடியது. யாரோ வீடியோ எடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ராஜ்மோகன் என்னைத் திட்டவில்லை. “ஏம்மா, ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன்” என்றார். விசாரணை முடிகிறவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். விசாரணை என்றால் என்னவென்று ஒப்பந்த நர்ஸுக்குத் தெரியும். புதுப்பிக்கும் நாள் தானாக வந்து தானாகப் போய்விடும். என் ஐடியை அப்போதே மூடிவிட்டார்கள். வெளியே வந்து டேப்பில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை.

ஆரிஃபா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“நான் உள்ள வந்து சொல்லிருக்கணும்.”

“ஆமா, சொல்லிருக்கணும்.”

“இப்ப போய்ச் சொல்லவா?”

என்ன சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் என்று தெரியவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. எனக்கு அவள் மேல் அப்படிக் கோபம் வந்தது. அவளை அங்கே போட்ட கம்ப்யூட்டர் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் என்று தெரிந்தும் அவள் மேல்தான் வந்தது. கம்ப்யூட்டருக்கு முகம் இல்லை, இவளுக்கு இருக்கிறது.

“வேணாம். ரெண்டு பேரும் போய் என்ன ஆகப்போவுது? லீவுல போ. பெத்துட்டு வா.”

“எம்மேல கோவமா?”

“கோவந்தான். அதெல்லாம் இருக்கட்டும், நீ எந்திரி. படி ஜில்லுனு இருக்கு.”

கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பையை எடுக்க வார்டுக்குள் போனேன். ஜெகதாம்பாள் சிஸ்டர் வழியில் நின்றார்.

“போறியா?”

“போகச் சொல்லிட்டாங்களே.”

“நாளைலேர்ந்துதானேடி வர வேணாம்னாங்க. உன் எடத்துக்கு ஆள் போடல. ஆரிஃபா ஒருத்தியால இத்தன பேரப் பாக்க முடியாது. மதிய டூட்டி ஆள் வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போயேன்.”

“நிறுத்துனவங்களயே வந்து பாக்கச் சொல்லுங்க சிஸ்டர்.”

“கேட்டேன். மீட்டிங்ல இருக்காங்களாம்.”

அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் போயிருப்பேன். உள்ளிருந்து ஒரு பெண், “சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு, குழாயில ரத்தம் ஏறுது” என்றாள். ஆரிஃபா இன்னும் படிக்கட்டிலிருந்து வந்து சேரவில்லை.

பையைக் கீழே வைத்தேன். குழாயை மூடிக் காலி பாட்டிலைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, சொட்டு விழுகிறதா என்று பார்த்தேன். விழுந்தது. பதிவு செய்ய எனக்கு வழியில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி நேரம் வந்திருந்தது, அதையும் போட்டேன்.

“சாப்டீங்களா சிஸ்டர்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்ல” என்றேன். “கைய அசைக்காம வையிங்க.”